இணையம் இல்லாத கணினியிலும் திறக்க வேண்டும்: மென்பொருளை ஒரே பொதியாகக் கட்டுதல்

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதம் ஒன்றை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பார்த்தவர்களுக்கு இந்த விடயத்தின் பாதி ஏற்கனவே தெரியும். கோப்பு பத்திரமாகத்தான் இருக்கும், ஒரு எழுத்தும் அழிந்திருக்காது. ஆனால் திரையில் வருவது பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசை. கடிதம் எழுத்துருவைச் சார்ந்திருந்தது. எழுத்துரு கூட வரவில்லை. ஒரு மென்பொருள் இயங்குவதற்குத் தேவைப்படும் இப்படியான மற்றவற்றைத்தான் எங்கள் தொழிலில் 'சார்புகள்' என்கிறோம்.

காணாமல் ஆக்கப்பட்டோர், இழந்த காணிகள், இடம்பெயர்வுகள் பற்றிய விபரங்களைக் கொப்பிகளிலிருந்து கணினிக்கு மாற்றும் சிலருக்கு நான் நிரல் எழுதிக் கொடுப்பதுண்டு. எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: பத்து வருசம் கழித்தும் இது திறக்குமா? நியாயமான கேள்வி. எங்கள் வழக்குகளும் விசாரணைகளும் எத்தனை வருசம் இழுபடும் என்று யாராலும் சொல்ல முடியாது. பதிவு இருந்தும் திறக்க வழியில்லை என்றால் அது இல்லாததற்குச் சமம்.

இன்று எழுதப்படும் நிரல்கள் பெரும்பாலும் தனியே நிற்பதில்லை. திகதியைக் கணக்கிட ஒன்று, படத்தைச் சுருக்க ஒன்று என்று வேறு ஆட்கள் எழுதிய சிறு நிரல்தொகுதிகளை, நிறுவும் நேரத்தில் இணையத்திலிருந்து இழுத்துக்கொள்கின்றன. 2016 மார்ச்சில் 'லெஃப்ட்பாட்' என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான திட்டங்களைக் கட்டமுடியாமல் போனது. அது சில மணிநேரத்தில் சரிசெய்யப்பட்டது. இணைப்பே இல்லாத ஒரு கிராமத்து அலுவலகத்தில் அந்தச் சில மணிநேரம் முடிவதே இல்லை.

தீர்வு பழையது. நிரலையும் அதன் சார்புகளையும் ஒரே கோப்பாகக் கட்டிவிடுவது. பொதி கட்டுவது எங்கள் சனத்துக்குப் புதிதல்ல. போகுமிடத்தில் எதுவும் கிடைக்காது என்று நினைத்துத்தான் கட்டுவோம். இங்கும் அதே கணக்குத்தான்.

1997இல் ஜாவா மொழியோடு வந்த 'ஜார்' கோப்பு உண்மையில் ஒரு ஸிப் கோப்பு. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்ற சிறு குறிப்பு மட்டும் உள்ளே கூடுதலாக இருக்கும். நான் பாவிப்பது பைதன். தொடக்க நிரல் ஒன்று உள்ளே இருந்தால், ஸிப் கோப்பைப் பிரிக்காமலே பைதன் இயக்கும். 2015இல் வெளிவந்த 3.5 பதிப்பிலிருந்து, அப்படிக் கட்டித்தரும் 'ஸிப்ஆப்' என்ற கருவியும் கூடவே வருகிறது. இணையம் உள்ள கணினியில் தேவையான தொகுதிகளை நிரல் இருக்கும் அடைவுக்குள்ளேயே இறக்கி, முழு அடைவையும் அந்தக் கருவியிடம் கொடுத்தால் ஒரே கோப்பு கையில் வரும்.

ஒரு சிக்கல் உண்டு. பைதனிலேயே எழுதப்பட்ட தொகுதிகள் ஸிப்புக்குள் இருந்தபடி வேலை செய்யும். சி மொழியில் எழுதி இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டவை செய்யா. இயங்குதளம் அவற்றை வட்டில் தனிக் கோப்பாகக் கேட்கும். அவற்றைப் பக்கத்தில் ஓர் அடைவில் வைக்க வேண்டும். என்னால் முடிந்தவரை அப்படியானவற்றைத் தவிர்க்கிறேன். தரவுத்தளத்துக்கு எஸ்கியூலைட் போதும்; அது பைதனோடு வருகிறது, முழுத் தரவும் ஒரே கோப்பில் அடங்கும்.

பைதனே இல்லாத கணினிக்கு என்ன செய்வது? விண்டோஸுக்கென்று நிறுவத் தேவையில்லாத சிறிய பைதன் பொதி ஒன்றை அதன் உத்தியோகபூர்வ தளமே தருகிறது. ஏறத்தாழ 10 எம்பிதான். அதில் சாளரம் வரையும் கருவி இல்லை என்பதால், என் நிரல்கள் அந்தக் கணினிக்குள்ளேயே ஒரு பக்கமாகத் திறந்து பிரவுசரில் தெரியும். வெளியே எதுவும் போகாது. நோட்டோ தமிழ் எழுத்துருவையும் உள்ளே போடுகிறேன். அதன் உரிமம் அதற்கு இடம்கொடுக்கிறது. பழைய விண்டோஸ் 7 கணினிகளில் பைதன் 3.8க்குப் பிந்தியவை ஓடாது. 3.8க்கு 2024உடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஆகவே அந்தக் கணினிகளை இணையத்தில் இணைக்காமல் வைத்திருப்பதே நல்லது.

கட்டிய பொதி தானாகப் புதுப்பிக்கப்படாது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா தொகுதியில் பாரதூரமான ஓட்டை வெளிவந்தபோது, அது தங்கள் ஜார் கோப்புகளுக்குள் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. ஜாருக்குள் ஜாராகப் புதைந்திருந்தது. ஆகவே பொதிக்குள் என்னென்ன, எந்தப் பதிப்பு என்று ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி வையுங்கள்.

இதைவிட முக்கியமானது, நிரல் பொதிக்குள் தரவு இருக்கக்கூடாது. பொதி பென்டிரைவில் கைமாறும். பரிசோதனைக்கென்று உண்மையான சாட்சிகளின் பெயரும் தொலைபேசி இலக்கமும் உள்ளே போயிருந்தால், அவை போகக்கூடாத கைக்கும் போகும். ஸிப் கோப்பை யாரும் பிரித்துப் பார்க்கலாம். அதன் பழைய கடவுச்சொல் முறையும் பலவீனமானது. தரவுத்தளத்தைத் தனியே, 7-ஸிப் போன்ற கருவியில் ஏஇஎஸ்-256 குறியாக்கத்துடன் பூட்டுங்கள். அதோடு யூனிகோட் தமிழில் ஒரு சிஎஸ்வி நகலும் எடுத்து அதையும் பூட்டி வையுங்கள். என் நிரல் ஒருநாள் ஓடாமல் போனாலும் அந்த நகலை எந்தக் கணினியிலும் வாசிக்கலாம். நிரல் எழுதுபவனாக நான் சொல்லக்கூடாதுதான், ஆனால் பொதியைவிட அந்த நகலையே நான் அதிகம் நம்புகிறேன்.

பொதியைக் கொடுக்குமுன் அதன் ஷா-256 எண்ணைக் குறித்துக் கொடுப்பேன். 64 எழுத்துகள். பெற்றவர் விண்டோஸில் உள்ள செர்ட்யூட்டில் கருவியால் அதை மீண்டும் கணக்கிட்டு ஒப்பிட்டால், வழியில் யாரும் கைவைத்தார்களா என்று தெரியும். எண்ணைப் பொதியோடு அனுப்பாமல் தொலைபேசியில் வாசித்துச் சொல்ல வேண்டும்.

பிறகு, பைதன் ஒருபோதும் நிறுவப்படாத கணினி ஒன்றை இரவல் வாங்கி, இணையத்தைத் துண்டித்து, தமிழில் பெயரிட்ட ஓர் அடைவுக்குள் பொதியைப் பிரித்து இயக்கிப் பார்க்கிறேன். அடைவின் பெயர் தமிழில் இருந்தால் திணறும் நிரல்கள் இன்னும் இருக்கின்றன.