தோள் போனால் ஆட்டமும் போச்சா? கரப்பந்தும் தோள்மூட்டும் பற்றிய ஒரு வரலாறு



அசர் தொழுதுவிட்டு வாவிக்கரையில் எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் கரப்பந்து வலை கட்டியிருக்கும். சுற்றி நிற்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். இருபத்தைந்து வயதைத் தாண்டாத ஒருவர் வெளியே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருப்பார். "ஏன் தம்பி ஆடல்ல?" என்று கேட்டால், "தோள் போயிட்டு சேர்" என்பார். கால் முறிந்தவன் திரும்பி வந்து ஆடுகிறான், தோள் நொந்தவன் வருவதில்லை. இது ஏன் என்று தேடியபோது நாங்கள் அறிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் எங்கள் பாடசாலை அணியில் நன்றாக அடிக்கும் ஒரு பிள்ளை, "கை தூக்க ஏலா சேர்" என்று வந்தான். "ரெண்டு கிழமை கைய ஆட்டாம இரு" என்றோம். நோவு குறைந்தது. பயிற்சி எதுவும் கொடுக்காமல் நேரே வலய மட்டப் போட்டியில் இறக்கினோம். நோவு திரும்பியது. எண்ணெய் தேய்த்து, மாத்திரை கொடுத்து, இறுதிப் போட்டி வரை ஆடவைத்தோம். கிண்ணம் வந்தது, அவனுடைய ஆட்டம் அத்துடன் முடிந்தது. இன்று ஒரு கடையில் வேலை செய்கிறான். மேல்தட்டுச் சாமானை இடக்கையால் எடுப்பதைக் கண்டபோது எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

கரப்பந்தாட்டம் 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மோர்கன் என்பவரால் உருவாக்கப்பட்டது. இலங்கைக்கு 1916இல் வந்தது. கொழும்பு வை.எம்.சி.ஏ.யில் உடற்பயிற்சிப் பொறுப்பாளராக இருந்த ரொபர்ட் வோல்டர் கமக் அதைக் கொண்டுவந்தார். 1991இல் அது நமது தேசிய விளையாட்டானது. ஒரு பந்தும் ஒரு வலையும் போதும் என்பதால் ஏழை ஊர்களிலும் வேரூன்றியது. ஆட்டம் ஊருக்குள் வந்தது, ஆனால் அந்த ஆட்டத்துக்குத் தோளை எப்படித் தயார்படுத்துவது என்ற அறிவு கூடவே வரவில்லை.

தோள்மூட்டின் அமைப்பை விளங்க இல்ல விளையாட்டுப் போட்டியின் தேசிக்காய் ஓட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கரண்டியில் தேசிக்காய் இருப்பது போலத்தான், ஆழமில்லாத ஒரு குழியில் மேற்கை எலும்பின் உருண்டை இருக்கிறது. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது. அந்த உருண்டை நழுவாமல் பிடித்து வைத்திருப்பவை நான்கு சிறு தசைகள். கரண்டியைப் பிடித்த கை, முதுகிலுள்ள தோட்பட்டை எலும்பு. கை ஆடினால் தேசிக்காயும் ஆடும். பந்தை ஓங்கி அடித்த பிறகு, அந்த வேகத்தில் போகும் கையை இழுத்து நிறுத்துவதும் பின்பக்கத் தசைகள்தான். நம் பிள்ளைகள் முன்பக்கத்தை மட்டும் வளர்க்கிறார்கள், பின்பக்க 'பிரேக்' தேய்ந்துபோகிறது.

மூட்டுக்கு அசைவே மருந்து என்ற எண்ணம் புதியதல்ல. இப்னு சீனா தனது 'அல்கானூன்' நூலின் முதற்பாகத்திலேயே தேகப்பயிற்சிக்கு இடம் கொடுத்திருக்கிறார். ஆனால் தோளைத் தனியாக எடுத்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் பொஸ்டன் நகர வைத்தியர் ஏர்னஸ்ட் கொட்மன். 1934இல் தோளுக்கென்றே ஒரு பெரிய நூலை வெளியிட்டார். குனிந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, ஊஞ்சல் போல மெதுவாக ஆட்டும் பயிற்சி இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் அவரைத் தொடர்ந்து கவனித்து, வைத்தியம் பலித்ததா என்று பார்க்க வேண்டும் என்று வாதாடியவரும் அவரே.

1972இல் சார்ள்ஸ் நீர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், தோளின் மேல் எலும்பு கீழுள்ள தசைநாரை உரசுவதால் நோவு வருகிறது என்று விளக்கினார். அந்த எலும்பைச் சீவும் சிகிச்சை உலகெங்கும் பரவியது. 2017இல் 'லான்செட்' மருத்துவ இதழில் பிரித்தானிய ஆய்வொன்று வந்தது. 32 வைத்தியசாலைகள், 313 நோயாளிகள். சிலருக்கு எலும்பைச் சீவினார்கள், சிலருக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். இரு பகுதியினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு சுகம்தான். அவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்லர், சாதாரண நோயாளிகள். ஆனாலும் தோள் நோவென்றதும் கத்தியைத் தேட வேண்டியதில்லை என்பதை அந்த ஆய்வு உரத்துச் சொன்னது.

இதற்கிடையில் விளையாட்டுத் துறை வேறு வழியில் போனது. கலிபோர்னியாவில் பேஸ்போல் வீரர்களைக் கவனித்துவந்த வைத்தியர் ஃபிராங்க் ஜோப், எறியும்போது எந்தத் தசை எந்த நொடியில் வேலை செய்கிறது என்பதை மின்கருவிகளால் அளந்தவர்களில் ஒருவர். 1982இல், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் டயான் மொய்ன்ஸுடன் சேர்ந்து அந்தச் சிறு தசைகளுக்கான பயிற்சித் திட்டத்தை வெளியிட்டார். 1998இல் பென் கிப்ளர் தோட்பட்டையின் பங்கை விளக்கினார். அடியின் பலம் காலில் தொடங்கி, இடுப்பு வழியாக, தோட்பட்டையைத் தாண்டித்தான் கைக்கு வருகிறது. நடுவில் ஒன்று பலவீனமானால் அதன் சுமையும் தோளில் விழும்.

2017இல் நோர்வேயிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. கையால் பந்தெறிந்து கோல் போடும் ஹேண்ட்போல் வீரர்கள், வீராங்கனைகள் 660 பேர். பாதி அணிகள் வாரத்துக்கு மூன்று முறை, சுமார் பத்து நிமிடம், தோளுக்கான பயிற்சியைச் சூடேற்றலோடு சேர்த்துச் செய்தன. அந்த அணிகளில் தோள் பிரச்சினைக்கான வாய்ப்பு 28 சதவீதம் குறைந்தது. வெறும் பத்து நிமிடம்!

நம் நாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. முத்தையா முரளிதரன் 2004 ஓகஸ்டில் தோளில் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். அப்போது அவருடைய டெஸ்ட் விக்கெட்டுகள் 532. டெஸ்ட் ஆட்டத்துக்குத் திரும்பியது 2005 ஜூலையில். 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டோடு விடைபெற்றார். அதாவது 268 விக்கெட்டுகள், தோள் பழுதான பின் எடுத்தவை. சத்திரசிகிச்சைக்கு ஒரு நாள் போதும், தோளைத் திரும்ப ஆட்டத்துக்குத் தயாராக்கப் பல மாதங்கள் வேண்டும். உலகின் முதல்தரப் பந்துவீச்சாளருக்கே அவ்வளவு காலம் தேவைப்பட்டது. நாங்கள் எங்கள் பிள்ளைக்குக் கொடுத்தது இரண்டு கிழமை.

இந்த வரலாறு சொல்லும் பாடம் ஒன்றுதான். தோளுக்கு முழு ஓய்வும் மருந்தல்ல, நோவை மறைத்து ஆடுவதும் மருந்தல்ல. படிப்படியாகக் கூட்டும் பயிற்சிதான் வைத்தியம். அதற்குச் செலவும் இல்லை. பழைய சைக்கிள் டியூப்பை வெட்டித் தூணில் கட்டுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் மெதுவாக இழுங்கள். திரும்பும்போது இன்னும் மெதுவாக விடுங்கள். அடுத்து, இரு கைகளாலும் பின்னோக்கி இழுத்துத் தோட்பட்டைகளை ஒன்றுசேருங்கள். பிறகு சுவரில் கைவைத்துத் தள்ளுங்கள். ஒவ்வொன்றும் 10 முதல் 15 தடவை, இரண்டு மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். லேசான நோவு இருக்கலாம். மறுநாள் காலையிலும் கூடியே இருந்தால் அளவைக் குறையுங்கள். ஓங்கி அடிப்பது கடைசிப் படி. முதலில் மெதுவாக, சில அடிகள், பிறகு கிழமைக்குக் கிழமை கூட்டுங்கள். இரண்டு மூன்று மாதங்கள் பொறுமை வேண்டும்.

விழுந்து அடிபட்டால், மூட்டு விலகினால், கை விறைத்தால், திடீரென்று கையைத் தூக்கவே முடியாவிட்டால், பயிற்சி வேண்டாம், உருவுதலும் வேண்டாம். நேரே வைத்தியரிடம் போங்கள். நாங்கள் ஆசிரியர்கள், வைத்தியர்கள் அல்லர். நோவு நீடித்தால் வைத்தியசாலையின் பிசியோதெரபி பிரிவில் காட்டிப் பயிற்சியைக் கேட்டுப் பழகுவதே சிறந்தது.

இந்தத் தவணையிலிருந்து எங்கள் அணியில் பந்தைத் தொடுமுன் பத்து நிமிடம் டியூப் பயிற்சி நடக்கிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். வாவியில் காலமெல்லாம் வீச்சுவலை எறியும் நம் மீனவச் சகோதரர்களின் தோளும் இதே தோள்தான், அவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம். ஒரு கிண்ணத்துக்காக ஒரு பிள்ளையின் தோளைக் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

மைதானத்துக்கு வெளியே நின்று சத்தம் போடும் அந்தத் தம்பிக்கு இதை அனுப்பிவையுங்கள். இன்ஷா அல்லாஹ், அவர் திரும்பவும் வலைக்குப் பக்கத்தில் வரட்டும்.