கல்வி நிறுவனங்களில் இணையப் பயன்பாட்டு விதிகள் (ஆஸ்திரேலியா)

கல்லூரி, பல்கலைக்கழகக் கணினிகளையும் மின்னஞ்சல் கணக்குகளையும் மாணவரும் ஊழியரும் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் நிறுவன விதிகள். கணக்குத் தொடங்கும்போதே இவற்றுக்கு ஒப்புதல் தர வேண்டும். படிக்காமல் ஒப்புக்கொள்வோரே அதிகம்.

1989 ஜூன் 23 அன்று மெல்பர்ன் பல்கலைக்கழகம் இணையத்துக்காகச் செயற்கைக்கோள் வழியே ஹவாயுடன் இணைக்கப்பட்டது. நொடிக்கு 56 கிலோபிட் வேகமுள்ள அந்த ஒரே இணைப்பை நாட்டின் பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொண்டன. அப்போது கவலை ஒழுக்கம் பற்றியதல்ல, கொள்ளளவும் செலவும் பற்றியது.

பாட்டுக் கோப்புகள் பரவியதும் நிலைமை மாறியது. சோனி, யுனிவர்சல், இஎம்ஐ ஆகிய இசை நிறுவனங்கள் சிட்னி, மெல்பர்ன், டாஸ்மேனியா பல்கலைக்கழகங்கள்மீது வழக்குத் தொடுத்து, பதிப்புரிமை மீறலுக்கு ஆதாரம் தேட அங்கே சேமித்து வைத்திருந்த கணினிப் பதிவுகளைப் பார்க்கக் கேட்டன. சம்பந்தமில்லாதவர்களின் கடிதங்களும் அதில் சிக்குமே என்பது பல்கலைக்கழகங்களின் வாதம். 2003 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி டாம்பர்லின் இசை நிறுவனங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். கல்லூரிக் கணக்கு தனிச்சொத்து அல்ல என்பதை அது காட்டியது.

சிட்னி அமைந்துள்ள நியூ சவுத் வேல்ஸில் 2005ஆம் ஆண்டின் பணியிடக் கண்காணிப்புச் சட்டப்படி, ஊழியரின் கணினியைக் கண்காணிக்க 14 நாள் முன்னறிவிப்புத் தேவை. தொழிற்சங்க விவகாரம் என்பதற்காக மட்டும் ஒரு மின்னஞ்சலைத் தடுக்கவும் முடியாது. இந்தப் பாதுகாப்பு ஊழியருக்கே, மாணவருக்கு இல்லை.