பழைய ரிவால்வரும் பொருந்தாத தோட்டாவும்

நம் முன்னோர் விட்டுச் சென்ற பொருள்களுள் பார்த்து மகிழத் தக்கன பல. கண்டவுடன் கையைக் கட்டிக்கொண்டு விலகி நிற்கத் தக்கன சில. பின்னதற்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சியையும் அதனூடே நாம் அறிந்த ஒரு வரலாற்றையும் இம்மலர் வாயிலாகக் குடியிருப்புக் குடும்பங்களின் முன் வைக்க விழைகிறோம்.

நமது குடியிருப்பில் வாழும் அன்பர் ஒருவர், காலஞ்சென்ற தம் பாட்டனாரின் தகரப் பெட்டியைத் திறந்தார். அப்பெரியவர் இரண்டாம் உலகப் போரில் படைப்பணி புரிந்தவர். பெட்டியின் அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய ரிவால்வர் ஒன்றும் இருவகைத் தோட்டாக்களும் இருந்தன. இரண்டின் அடியிலும் ‘.38’ என்ற எண் காணப்பட்டது. இரண்டும் உருளைக்குள் தடையின்றி நுழைந்தன. “பொருந்துகிறதே, ஒருமுறை வானை நோக்கிச் சுட்டுப் பார்க்கலாமா?” என்றார் அவ்வீட்டு இளைஞர். அதற்குள் நாம் சென்று, படையில் ஆயுதம் பழுது பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம்.

அவர் முதலில் குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி, உருளையைத் திறந்து, அறை ஆறும் வெறுமை என்று கண்டார். பிறகே எழுத்துகளைப் படித்தார். “இது இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து வெப்லி நிறுவனத்தார் செய்த மார்க் 4” என்றார்.

அந்நிறுவனத்தின் ரிவால்வரைப் பிரிட்டிஷ் அரசு 1887-ஆம் ஆண்டில் தன் படைக்கு ஏற்றுக்கொண்டது. குழலை முன்புறம் மடக்கினால் உருளை திறந்து, சுட்ட கூடுகள் தாமே வெளிவரும். அதுவே அதன் சிறப்பு. அந்நாளில் தோட்டாவில் இருந்தது கருமருந்து. பின்னர்ப் புகை குறைந்த கார்டைட் வந்தது. நீலகிரி மலை இரயிலில் சென்றோர் அருவங்காட்டு நிலையத்தை அறிவர். அங்குள்ள தொழிற்சாலை இந்தக் கார்டைட்டுக்காகவே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. புது மருந்து சிறிய அளவிலேயே பேராற்றல் காட்டுவது. அதற்கு ஈடுகொடுக்கவே 1913-இல் வந்த மார்க் 5 ரிவால்வரின் உருளையைச் சற்றுப் பருமனாக்கினர். மருந்து மாறினால் இரும்பும் மாற வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

முதல் உலகப் போர் வரை படையினர் ஏந்தியது .455 அங்குல ரிவால்வர். அதன் கனமும் உதைப்பும் மிகுதி. புதிய வீரரைப் பழக்குவது அரிது. ஆகவே போருக்குப் பின் .38 அளவைத் தேர்ந்தனர். அதற்கென அரசின் என்பீல்டு தொழிற்சாலை செய்த ரிவால்வர் 1932-இல் படைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் அதன் உற்பத்தி போதாமற்போகவே, வெப்லி மார்க் 4-உம் களத்திற்கு வந்தது. அதன்மேல் ‘.38’ என்பதோடு ‘145/200’ என்றும் பொறித்திருப்பர். அவை குண்டின் எடையைக் கிரெயின் கணக்கில் குறிப்பன. 200 கிரெயின் என்பது ஏறத்தாழ 13 கிராம்.

இனி அவ்விருவகைத் தோட்டாக்களைப் பார்ப்போம். ஒன்று 1877-இல் அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் வெளியிட்ட குட்டையான .38, பிரிட்டிஷ் படைத் தோட்டா இதன் வழிவந்தது. மற்றொன்று ‘.38 ஸ்பெஷல்’. எண் ஒன்றாயினும் இயல்பு வேறு. முன்னதன் குண்டு குறுக்களவில் .361 அங்குலம், பின்னது.358 அங்குலமே. ஆனால் ஸ்பெஷலின் கூடு நீளமானது, அழுத்தமும் கூடுதல். பழுதுறாத மார்க் 4 உருளையில் அது முழுவதும் நுழையாது. அறையினுள் உள்ள சிறு படி தடுத்துவிடும்.

அப்படியாயின் அன்பர் வீட்டில் எவ்வாறு நுழைந்தது? பெரியவர் விளக்கு வெளிச்சத்தில் அறைகளை நோக்கினார். படி இல்லை. எவரோ பிற்காலத்தில் அறைகளைக் குடைந்து நீட்டியிருக்கிறார். “நுழைவதுதான் ஐயா, இதன் குற்றம்” என்றார். அகன்ற அறையில் மெலிந்த கூடு வெடித்தால் பித்தளை புடைக்கும், பிளக்கும். மடக்குப் பூட்டும் நாளடைவில் தளரும். சுடுபவரின் கைக்கும் கண்ணுக்கும் கேடு.

இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இது எளிதில் விளங்கும். தண்டவாளத்தின் அகலம் ஒன்றே என்பதற்காக எந்த எஞ்சினையும் எந்தப் பழைய பாலத்தின்மீதும் செலுத்துவோமா? சக்கரம் பொருந்தும், பாலம் தாங்காது.

“சரியான தோட்டா எது?” என்று இளைஞர் கேட்டார். “குடையப்படாத மார்க் 4-க்கு, அதன்மேல் பொறித்த அளவில் புதிதாகச் செய்த குட்டைத் தோட்டா, அதுவும் உரிமம் பெற்ற ஆயுத வல்லுநர் சோதித்த பின்னரே. இதற்கு எதுவுமில்லை” என்பதே விடை. பழுது பார்த்தும் சுட இயலாத பழம்பொருளுக்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்களிக்கிறது. சுடக் கூடியது எத்துணைப் பழையதாயினும் உரிமம் வேண்டும். உரிமமற்றதைக் காலந்தாழ்த்தாது காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். அன்பரும் மறுநாளே காவல் நிலையத்தில் ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றார். பாட்டனாரின் பதக்கங்கள் மட்டும் கண்ணாடிப் பேழையில் இருக்கின்றன. அவரை நினைக்க அவை போதும்.

நம் குடியிருப்பில் இன்னும் திறவாத பெட்டிகள் எத்தனையோ! திறக்கும்போது இதனை நினைவில் கொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.