கீழிருந்து சூடேறும் திரவம்: தன்னொழுங்கமைவின் வரலாற்றில் சந்திரசேகர்

தன்னொழுங்கமைவு என்றதும் 1977இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற இலியா பிரிகோஜினே நினைவுக்கு வருகிறார். அவர் எடுத்தாண்ட முதன்மைச் சான்றின் வரலாறு அவருக்கு மிக முந்தையது.

1900இல் ஆன்றி பெனார் மெல்லிய திரவப் படலத்தைக் கீழிருந்து சூடாக்கியபோது அறுகோண அறைகள் தோன்றின. (தம்மம்பட்டி வீட்டு அடுப்பில், வாணலி எண்ணெயின் மேற்பரப்பில் இத்தகைய கட்டங்களைக் கண்டதுண்டு.) சூடேறிய அடிப்பகுதி இலேசாகி மேலெழுவதே காரணம் என 1916இல் ராலே விளக்கினார். பெனார் கண்ட அறைகளுக்குப் பரப்பு இழுவிசையே காரணம் என்பது 1950களில்தான் தெளிவாயிற்று. பொருந்தாத சான்றிலிருந்து சரியான கோட்பாடு பிறந்தது வியப்பே.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், பாய்மங்களின் நிலைப்புத்தன்மை குறித்த தம் 1961ஆம் ஆண்டுப் பெருநூலில் இச்சிக்கலை விரிவாக ஆராய்ந்தார். மிதப்பு விசை விடுவிக்கும் ஆற்றலும் பாகுநிலையால் சிதறும் இயக்க ஆற்றலும் சமன்படக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலைச் சரிவிலேயே நிலைகுலைவு தொடங்கும் என்பது அவர் முடிவு. இரு திண்மத் தட்டுகளுக்கு இடையே ராலே எண் ஏறத்தாழ 1708ஐ எட்டும்போது அது நிகழ்கிறது. இங்கே ஆற்றல் சிதறல் வெறும் இழப்பன்று. வடிவம் தோன்றுவதற்கான நிபந்தனையிலேயே அது இடம்பெறுகிறது.

என்ட்ரோபி விதி இதனால் மீறப்படுவதில்லை. படலம் ஒரு திறந்த அமைப்பு. வெப்பம் கீழே நுழைந்து மேலே வெளியேறுகிறது. தட்டுகளின் வெப்பநிலை மாறாதிருப்பின், அறைகள் தோன்றியபின் வெப்பப் பரிமாற்றம் கூடுகிறது. சூழலின் என்ட்ரோபி முன்னினும் விரைந்து பெருகுகிறது. 1971இல் கிளான்ஸ்டார்ஃபும் பிரிகோஜினும் எழுதிய நூல் இதே பெனார் சிக்கலை வெப்பஇயக்கவியல் நோக்கில் மீண்டும் எடுத்துக்கொண்டது.