கயோலினைட்டுப் படிகங்கள்: நுண்நோக்கி ஆய்வு வரலாறு

கயோலினைட்டு என்பது அலுமினியமும் சிலிக்கனும் கொண்ட, அடுக்குக் கட்டமைப்புடைய ஒரு களிமண் கனிமம் ஆகும். பீங்கான், காகிதம் ஆகிய தொழில்களில் பெருமளவு பயன்படுகிறது. சீனாவின் சிங்தெசென் நகருக்கு அருகிலுள்ள காவ்லிங் என்ற இடத்தின் பெயரே இக்கனிமத்தின் பெயருக்கு மூலம். அந்நகரின் பீங்கான் தொழில் பற்றி தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி 1712 இல் எழுதிய கடிதம் இம்மண்ணை ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்தியது. எனினும், இதன் துகள்கள் எவ்வடிவின, எவ்வாறு வளர்கின்றன என்பவை 20 ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயின.

படிகமா, உருவற்றதா?

களிமண் துகள்கள் பெரும்பாலும் 2 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. ஒளி நுண்நோக்கியால் சுமார் 0.2 மைக்ரோமீட்டருக்குக் குறைவான நுட்பங்களைப் பிரித்துக் காட்ட இயலாது. ஆகவே, களிமண்ணை உருவற்ற கூழ்மம் என்றே பலர் கருதினர். 1923 இல் சுவீடனில் ஆடிங்கும் 1924 இல் செருமனியில் ரின்னேயும் எக்சு-கதிர்களைக் கொண்டு ஆராய்ந்து, களிமண்ணில் ஒழுங்கான படிகங்கள் இருப்பதைக் காட்டினர். 1930 இல் லைனசு பாலிங் இக்கனிமங்களின் அடுக்கு அமைப்பை விளக்கினார். கயோலினைட்டின் ஓர் அடுக்கின் தடிப்பு ஏறத்தாழ 0.7 நானோமீட்டர் ஆகும்.

தகடுகளும் குழல்களும்

எதிர்மின்னி நுண்நோக்கி வந்தபின் துகள்களின் வடிவை நேரில் காண முடிந்தது. கயோலினைட்டு அறுகோணத் தகடுகளாகத் தெரிந்தது. ஏறக்குறைய அதே வேதியியல் இயைபு கொண்ட ஆலோய்சைட்டு சுருண்ட குழல்களாக இருப்பதை 1950 இல் தாமசு பேட்சும் அவருடைய குழுவினரும் விளக்கினர். ஒவ்வோர் அடுக்கிலும் ஒட்டியுள்ள சிலிக்காத் தாளும் அலுமினாத் தாளும் அளவில் சற்றே வேறுபட்டவை. அடுக்குகளுக்கு இடையே நீர் புகுந்து பிணைப்பைத் தளர்த்தும்போது, அவ்வேறுபாட்டை ஈடுசெய்ய அடுக்கு வளைகிறது.

வளர்ச்சிச் சுருள்கள்

பாறைக்குள் இருந்த பெல்சுபார் கரையாமலேயே களிமண்ணாக உருமாறுகிறதா, அல்லது நீரில் கரைந்து புதிய படிகமாகப் படிகிறதா என்பது நெடுநாள் கேள்வி. படிகத்தின் மேற்பரப்பிலேயே அதற்கான தடயம் கிடைத்தது. முற்றிலும் சமதளமான முகத்தில் புதிய அணுக்கள் ஒட்டிக்கொள்வது கடினம். திருகு இடப்பெயர்ச்சி என்னும் குறைபாடு இருந்தால், அங்கே ஒருபோதும் தீர்ந்துபோகாத படி ஒன்று உண்டாகி, சுருளாக வளரும் என்று 1949 இல் பிராங்கு என்பவர் கூறினார்.

களிமண் படிகத்தில் இத்தகைய படிகளைக் காண்பதற்குத் தங்கத் துகள் முறை உதவியது. வெற்றிடத்தில் மிகச் சிறிதளவு தங்கம் ஆவியாக்கப்படும்போது, அதன் துகள்கள் படியோரங்களில் வரிசையாகப் படிகின்றன. அவற்றின் மேல் கரிப் படலம் பூசி, கனிமத்தைக் கரைத்து நீக்கியபின் அப்படலம் நுண்நோக்கியில் ஆராயப்படுகிறது. இம்முறையில் கயோலின் தொகுதிக் கனிமங்களின் வளர்ச்சிச் சுருள்களை சப்பானியர்களான சுனகவாவும் கோசினோவும் 1975 இல் விவரித்தனர். அப்படிகங்கள் கரைசலிலிருந்து அடுக்கடுக்காக வளர்ந்தவை என்பதற்கு இச்சுருள்கள் சான்றாயின. எல்லாக் களிமண்ணும் இவ்வாறே தோன்றியது என்று இதனால் கொள்ள முடியாது.

பயன்பாடு

1965 முதல் விற்பனைக்கு வந்த வருடு எதிர்மின்னி நுண்நோக்கி, மணற்கல்லின் துளைகளுக்குள் களிமண் வளர்வதைக் காட்டியது. கயோலினைட்டு அங்கே புத்தக அடுக்குகள் போலவும், இல்லைட்டு மெல்லிய இழைகளாகவும் காணப்பட்டது. இவ்விழைகள் துளைகளை ஊடறுத்து எண்ணெயின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. பாறை மாதிரியைக் காற்றில் உலர்த்தினால் இழைகள் துளைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்; அப்போது பாறையின் ஊடுபுகுதிறன் உள்ளதைவிட மிகுதியாக அளவிடப்படும். வட கடல் எண்ணெய் வயல்களில் இவ்வேறுபாடு கவனிக்கப்பட்டதால், மாதிரிகளை உலர்த்தும் முறையே மாற வேண்டியதாயிற்று.