படத்தில் விடுபட்டவர்கள்: மும்பைக் கட்டடங்களும் காமிராவும்

2003ஆம் ஆண்டு நான் கட்டடக்கலைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவன். ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து அதன் கட்டடங்களைப் படம் எடுத்து வரும்படி எங்கள் வகுப்பில் சொன்னார்கள். மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகே ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்தேன். கையில் அப்பாவின் பழைய காமிரா. ஒரு ரோலுக்கு 36 படம். ரோல் விலையையும் கழுவிப் பிரிண்ட் போடும் செலவையும் நினைத்து, ஒவ்வொரு படத்தையும் பலமுறை யோசித்துத்தான் எடுத்தேன்.

கட்டடத்தைப் படம் எடுக்கச் சில விதிகள் உண்டு. காலை வெயில் முகப்பில் சாய்வாக விழும் நேரம் நல்லது. ஜன்னல் மேல் நீட்டியிருக்கும் சஜ்ஜாவின் நிழல் அப்போதுதான் தெளிவாக விழும். காமிராவை அண்ணாந்து பிடிக்கக் கூடாது; பிடித்தால் மேலே போகப் போகச் சுவர்கள் உள்நோக்கிச் சாய்ந்துவிடும். எதிர்வீட்டு மாடியிலிருந்து நேராகப் பார்த்து எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. இவற்றுக்கு மேல் ஒரு விதியும் இருந்தது: குறுக்கே ஆள் வரக் கூடாது. வந்தால் கண் ஆளைப் பார்க்கும், கட்டடத்தைப் பார்க்காது என்பார்கள்.

ஆகவே வாசலில் கோலம் போட்ட மாமி உள்ளே போகும்வரை காத்திருந்தேன். பால்காரர் சைக்கிளை எடுக்கும்வரை காத்திருந்தேன். இரண்டாம் மாடி வளைந்த பால்கனியில் ஒரு பாட்டி காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். அவரிடம் எதிர்மாடியிலிருந்து, "பாட்டி, ஒரு நிமிஷம் உள்ள போறீங்களா?" என்று குரல் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

அடுத்த வாரம் பிரிண்ட்களை அவரிடம் கொண்டு காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நன்னாத்தான் இருக்கு. ஆனா ஊரே காலி பண்ணிண்டு போனாப்ல இருக்கேடா கொழந்தே. நாங்கள்லாம் எங்க போய்ட்டோம்?" என்றார். அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

வெறிச்சோடிய தெரு எப்படி வந்தது?

கட்டடப் படங்களில் ஆள் இல்லாமல் போனதற்கு முதல் காரணம் தொழில்நுட்பம். 1838இல் டாகேர் என்பவர் பாரிஸில் ஒரு பெரிய வீதியை மேல்மாடியிலிருந்து படம் எடுத்தார். நடமாட்டம் மிகுந்த வீதி. ஆனால் படம் பதியப் பல நிமிடங்கள் பிடித்ததால், நகர்ந்துகொண்டிருந்த வண்டிகளும் மனிதர்களும் தகட்டில் பதியவே இல்லை. ஓர் ஓரத்தில் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஒரே இடத்தில் நின்ற ஒருவரும், அவர் காலடியில் வேலை செய்தவரும் மட்டுமே தெரிகிறார்கள். புகைப்படத்தில் விழுந்த முதல் மனிதர்கள் என்று அவர்களைத்தான் சொல்வது வழக்கம்.

நம் ஊர்க் கோயில்களும் இப்படித்தான் படமாயின. மதராஸ் ராணுவத்தைச் சேர்ந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், அரசாங்கப் புகைப்படக்காரராக 1857 இறுதியில் தொடங்கி 1858இல் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை ஆகிய இடங்களைப் படம் எடுத்தார். நம் நாட்டு வெயிலுக்குத் தாங்கும் மெழுகு பூசிய காகித நெகடிவ்களைப் பயன்படுத்தினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். வெளிறிப்போன வானத்தில் நெகடிவ் மேலேயே மேகம் வரைந்து சேர்த்தார். மேகத்தைச் சேர்க்கத் தோன்றியிருக்கிறது. ஆனால் கோயில் என்றால் நமக்கு நினைவுக்கு வரும் கூட்டம் அந்தப் படங்களில் இல்லை.

மும்பைக்கு இதில் தனிப் பெருமை உண்டு. இந்தியாவின் முதல் புகைப்படச் சங்கம் 1854இல் இங்குதான் தொடங்கப்பட்டது. சென்னையிலும் கல்கத்தாவிலும் 1856இல்தான் வந்தது. 1855இல் எல்ஃபின்ஸ்டன் கல்வி நிலையத்தில் புகைப்பட வகுப்பே நடந்தது. பின்னாளில் பெயர் பெற்ற ஹரிச்சந்த் சிந்தாமணி அங்கே பயின்றவர். காமிராவோடு மும்பையில் அலைந்த மாணவர்களில் நான் மிகப் பிந்தியவன் என்று தெரிந்துகொண்டபோது சந்தோஷமாக இருந்தது.

1862இல் கவர்னர் பார்ட்டில் ஃபிரேர் காலத்தில் கோட்டைச் சுவர்களை இடிக்கத் தொடங்கினார்கள். அந்த வெளியில் பெரிய கட்டடங்கள் எழுந்தன. ராஜாபாய் கோபுரம் 1878இல் முடிந்தது. அதே ஆண்டு தொடங்கிய விக்டோரியா டெர்மினஸ் பத்தாண்டுகளில் நிமிர்ந்து நின்றது. அரசு தன் சாதனையாகக் காட்ட விரும்பிய கட்டடங்கள் இவை. ஆகவே கட்டடம் பெரிதாக, துல்லியமாக, தனியாகத் தெரிந்தால் போதும் என்றாயிற்று. பிற்காலத்தில் நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் படம் எடுக்கும் வசதி வந்துவிட்டது. ஆனால் ஆளை விலக்கும் பழக்கம் போகவில்லை. முதலில் காமிராவால் முடியாததாக இருந்தது, பிறகு நல்ல ரசனை என்றே ஆகிவிட்டது. பாட்டியை உள்ளே போகச் சொன்ன எனக்கும் அந்த ரசனையைத்தான் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மாட்டுங்காவின் முகப்பு

இனி அந்த வளைந்த பால்கனிக்கு வருவோம். 1896இல் மும்பையில் பிளேக் நோய் பரவியது. காற்றோட்டமில்லாத, நெருக்கமான குடியிருப்புகளே காரணம் என்று எண்ணிய அரசு 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்டை அமைத்தது. தீவின் வடபகுதியில் தாதர், மாட்டுங்கா, சயான் ஆகிய இடங்களில் அகலமான சாலைகளும் மனைகளும் வகுத்தார்கள். கிங்ஸ் சர்க்கிளும் ஐந்து தோட்டங்களும் அப்படி வந்தவையே.

1920களிலும் 30களிலும் ரயில்வேயிலும் வணிக நிறுவனங்களிலும் குமாஸ்தாவாக, டைப்பிஸ்டாக வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள் இங்கே குடியேறினார்கள். 1932இல் சௌத் இண்டியன் எஜுகேஷன் சொசைட்டி இங்கே உருவானது. நிகில் ராவ் என்ற வரலாற்றாசிரியர் 2013இல் வெளியிட்ட நூலில், மும்பையில் ஃபிளாட் வாழ்க்கை வேரூன்றிய இடங்களில் ஒன்றாக மாட்டுங்காவைக் காட்டுகிறார். அதுவரை நடுத்தர மக்களுக்குக் கிடைத்தது சால். ஒரு வராந்தா, வரிசையாக அறைகள், பொதுக் கழிவறை. ஃபிளாட்டில் குளியலறையும் கழிவறையும் வீட்டுக்குள்ளேயே வந்தன. ஆசாரம் பார்த்த குடும்பங்களுக்கு அடுக்களைக்கு அருகிலேயே கழிவறை என்பது சின்ன விஷயமா?

இதைப் பாட்டியிடம் கேட்டேன். "மாமியார் ஆறு மாசம் மொணமொணத்துண்டே இருந்தார். அப்பறம் மழைக்காலம் வந்தது. ராத்திரி நனையாம போய்ட்டு வரலாம்னு தெரிஞ்சதும் சத்தமே காணோம்" என்று சிரித்தார். என் 36 படங்களில் எதிலும் இந்த வரலாறு இல்லை. அவற்றில் இருந்ததெல்லாம் முகப்புத்தான்: சிமெண்ட் கான்கிரீட் பரவலானதால் தூணில்லாமல் வளைந்து நீளும் பால்கனி, மழையைத் தடுக்கும் சஜ்ஜா, உதிக்கும் சூரியனைப் போல இரும்புக் கிரில். 1930களில் உலகம் முழுவதும் பரவிய ஆர்ட் டெகோ பாணி அது. ரீகல் தியேட்டரிலும் எராஸ் தியேட்டரிலும் நாம் பார்ப்பதும் அதுவே.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

மாட்டுங்கா என்ற அதே பெயரைத் தாங்கி இன்னோர் இடம் உண்டு: மாட்டுங்கா லேபர் கேம்ப். மத்திய ரயில்வே தண்டவாளத்தைத் தாண்டினால் மேற்கே, தாராவியை ஒட்டி இருக்கிறது. தாராவிக்கு நம்மவர்கள் வந்த கதை மாட்டுங்காவுக்கு வந்த கதையைவிடப் பழையது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்குக் குடும்பங்கள் வந்துவிட்டன. இரண்டும் தமிழர் வாழ்ந்த இடங்கள்தாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். ஆனால் அவற்றைப் படம் எடுத்த விதம் முற்றிலும் வேறு.

மாட்டுங்காவைப் பற்றிய படங்களில் கட்டடம் இருக்கும், ஆள் இருக்காது. தாராவியைப் பற்றிய படங்களில் ஆள் இருப்பார், கட்டடம் இருக்காது. குழந்தையின் முகம், குடத்தோடு நிற்கும் பெண், இல்லாவிட்டால் உயரத்திலிருந்து எடுத்த தகரக்கூரைக் கடல். அங்கே ஒரு வீட்டின் முகப்பை நேராக நின்று, வெயில் பார்த்து, கட்டடமாக மதித்து எடுத்த படம் அரிது.

எனக்கும் அது முதலில் தோன்றவில்லை. படிப்பு முடிக்கும் ஆண்டில் தாராவியில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, திருநெல்வேலிக்காரர் ஒருவர், "மூஞ்சிய எல்லாவனும் எடுத்துட்டுப் போயாச்சு தம்பி. வீட்ட எடுங்க. எங்கப்பா தன் கையால கட்டுனது" என்றார். உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். கீழே தையல் வேலை நடக்கும் அறை. செங்குத்தான இரும்பு ஏணி. மேலே மாலா, அங்கேதான் குடித்தனம். முதலில் பலகை, பிறகு தகரம், பிறகு செங்கல் என்று கையில் காசு சேரச் சேர மாறிய சுவர். மழைத்தண்ணீர் உள்ளே வராதபடி தெருவைவிட இரண்டு படி உயர்த்திய வாசல். ஓர் அடி இடம்கூட வீணாகவில்லை. அளவெடுத்துப் படம் வரைந்தபோது, எங்கள் வகுப்பில் நாங்கள் போட்ட சிறிய வீட்டுத் திட்டங்கள் எவ்வளவு விரயமானவை என்று புரிந்தது.

இதில் யாரையும் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் படம் வெறும் படமாக நின்றுவிடுவதில்லை. ஆளில்லாத வீட்டைப் பார்ப்பவருக்கு அது பாதுகாக்க வேண்டிய கலைப்பொருளாகவோ, விற்கத்தக்க சொத்தாகவோ தோன்றும்; அங்கே வாழ்ந்தவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். வீட்டைக் காட்டாமல் ஆளை மட்டும் காட்டினால், அங்கே கட்டப்பட்டது எதுவுமில்லை, இடித்தால் இழப்பு எதுவுமில்லை என்று தோன்றும். இரண்டுமே பாதி உண்மைதான்.

இடிபடும் காலம்

மும்பையில் பாரம்பரியக் கட்டடங்களுக்கான விதிமுறைகள் 1995இல் வந்தன. விக்டோரியா டெர்மினஸ் 2004இலும், ஓவல் மைதானத்தைச் சுற்றிய விக்டோரிய, ஆர்ட் டெகோ கட்டடத் தொகுதி 2018இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. மகிழ வேண்டிய செய்தி. ஆனால் அதே ஆர்ட் டெகோ பாணியில் மாட்டுங்காவில் எழுந்த வீடுகள் அந்தத் தொகுதியில் இல்லை.

இங்குள்ள வீடுகளின் கதையை வாடகைச் சட்டத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 1947ஆம் ஆண்டுச் சட்டம் 1940ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து வாடகையை நிலைநிறுத்தியது. அதனால்தான் குமாஸ்தா குடும்பங்கள் இந்த நகரில் கால் ஊன்ற முடிந்தது. அதே சட்டத்தால் வாடகை வருமானம் போதாமல் வீட்டுக்காரர்கள் பழுது பார்ப்பதை நிறுத்தினார்கள். 1969இல் பழுதுபார்ப்பு வாரியம் அமைத்துத் தனி வரி வசூலித்தும் தேய்மானம் நிற்கவில்லை. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தது. பிறகு பில்டர்கள் வந்தார்கள். லிஃப்ட் இல்லாத மாடியில் முழங்கால் வலியோடு ஏறும் முதியவர்களிடம், "பழைய வீட்டை விடாதீர்கள்" என்று அறிவுரை சொல்ல எனக்கு உரிமை இல்லை. தாராவிக்கும் 2004இல் மறுமேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டு, 2022இல் டெண்டர் முடிவானது.

நான் படம் எடுத்த அந்தக் கட்டடம் 2014இல் இடிக்கப்பட்டது. அதற்கு முன்பே பாட்டி காலமாகிவிட்டார். வீட்டைக் காலி செய்த வாரத்தில் அவருடைய மகன் எனக்குப் போன் செய்தார். "அம்மா தினம் காத்தால அந்த பால்கனிலதான் நின்னுண்டிருப்பா. அந்த மாதிரி ஒரு படம் உன்கிட்ட இருக்குமா?" என்று கேட்டார். பழைய பெட்டியை இறக்கி 36 படங்களையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சஜ்ஜாவின் நிழல் அத்தனை அழகாக விழுந்திருக்கிறது. பால்கனியின் வளைவு துல்லியமாக இருக்கிறது. கைப்பிடிச் சுவரில் அவர் வைத்துவிட்டுப் போன டம்ளர்கூடத் தெரிகிறது. அவர் இல்லை. நான்தானே உள்ளே போகச் சொன்னேன்?

அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு அவருக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். டம்ளரை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் வீட்டை, கட்டடத்தை, காலனியை இந்த மாதமே படம் எடுத்து வையுங்கள். இன்று ரோல் செலவும் இல்லை. ஒரு படம் நேராக நின்று, முகப்பு முழுதும் தெரியும்படி. ஒரு படம் வாசலில் வீட்டார் அனைவரும் நிற்கும்படி. ஒரு படம் உள்ளே: அடுக்களை, ஊஞ்சல், மாலா, ஏணி, எது உங்கள் வீட்டின் அடையாளமோ அது. யார் யார் நிற்கிறார்கள், எந்த ஆண்டு குடிவந்தார்கள், என்ன வாடகை கொடுத்தார்கள் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி, பிரிண்ட் போட்டுப் பின்னால் ஒட்டுங்கள். பிறந்த ஊரை விட்டு வந்து இந்த நகரங்களைக் கட்டியதில் பங்கு கொண்ட நம் குடும்பங்களின் வரலாறு அரசு ஆவணங்களில் கொஞ்சம்தான் இருக்கிறது. மீதி உங்கள் வீட்டில் இருக்கிறது.

படம் எடுக்கும்போது குறுக்கே யாராவது வந்தால் வரட்டும். விலகச் சொல்லாதீர்கள்.