சிறு படகின் நங்கூரம்: நைல் நதி கற்பிக்கும் பாடம்

நபி நூஹ் (அலை) அவர்களின் கப்பலைப் பற்றித் திருக்குர்ஆன் பேசுகையில், அதன் ஓட்டமும் அதன் நிறுத்தமும் அல்லாஹ்வின் பெயராலேயே என்னும் கருத்து ஹூத் அத்தியாயத்தின் 41ஆம் வசனத்தில் வருகிறது. கப்பல் புறப்படுவதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அது உரிய இடத்தில் நிலைகொள்வதும் ஓர் அருளே என்பதை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. நிலைகொள்ளுதலைக் குறிக்க அங்கு வரும் 'முர்ஸா' என்னும் சொல்லின் வேரிலிருந்தே, நங்கூரத்தைக் குறிக்கும் 'மிர்ஸாத்' என்ற அரபுச் சொல்லும், கப்பல் தங்கும் துறையைக் குறிக்கும் 'மர்ஸா' என்ற சொல்லும் பிறந்தன. எகிப்தின் கடற்கரை ஊர்களான மர்ஸா மத்ரூஹ், மர்ஸா ஆலம் ஆகியவற்றின் பெயர்களில் இச்சொல் இன்றும் வாழ்கிறது. பூமியில் உறுதியாக ஊன்றப்பட்ட மலைகளுக்கு இறைமறை கையாளும் 'ரவாஸி' என்பதும் அதே வேரைச் சேர்ந்ததே.

தமிழில் நாம் வழங்கும் 'நங்கூரம்' பாரசீகத்தின் 'லங்கர்' என்னும் சொல்லோடு உறவுடையது. அதுவே வங்காளத்தில் 'நோங்கர்' என்றும், கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் 'நங்கா' என்றும் வழங்குகிறது. இந்தியப் பெருங்கடலின் மாலுமிகள் சரக்கோடு சொல்லையும் துறைதோறும் இறக்கிச் சென்றிருக்கிறார்கள்.

பெருங்கப்பலின் நங்கூரத்தைப் பற்றி நூல்கள் பல உண்டு. ஆற்றில் வலை வீசும் ஒரு சிறு படகுக்கு எந்த நங்கூரம் பொருந்தும் என்ற கேள்வியோ அதிகம் எழுதப்படாதது. ஆனால் ஒரு குடும்பத்தின் உணவும் ஓர் உயிரும் அதைச் சார்ந்திருக்கின்றன. இதற்கு நைல் நதியின் வரலாறு நல்ல விளக்கம் தருகிறது.

நைல் தெற்கிலிருந்து வடக்கே பாய்கிறது. அங்கே காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. பண்டைய எகிப்தியர் கரையில் முளை அடித்து அதில் படகைக் கட்டினர். நடு ஆற்றில் என்ன செய்தனர் என்பதைக் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் குறித்துள்ளார். நீரோட்டத்தோடு கீழ்நோக்கிச் செல்லும் 'பாரிஸ்' என்னும் படகுக்கு முன்னால் ஒரு தெப்பத்தை மிதக்கவிட்டனர். பின்னால், துளையிட்ட ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி ஆற்றின் அடியில் இழுபடச் செய்தனர். அக்கல்லின் எடை இரண்டு தாலந்து, அதாவது ஏறத்தாழ 50 கிலோ. தெப்பம் முன்னே இழுக்க, கல் பின்னே தடுக்க, படகு நேராகச் சென்றது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கல் படகை நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்து, திசையைக் காத்தது. வெறும் எடை செய்யக்கூடியது பெரும்பாலும் அவ்வளவே. படகு நிற்க வேண்டுமாயின் நிலத்தைப் பற்றும் பிடி வேண்டும்.

இடைக்காலத்தில் அரபு, இந்திய மாலுமிகள் கையாண்ட கல் நங்கூரங்களில் இவ்விரண்டும் இணைந்தன. நீண்ட கல் தூண் ஒன்றின் மேல்முனையில் கயிற்றுக்கு ஒரு வட்டத் துளை. கீழ்ப்பகுதியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரு சதுரத் துளைகள். அச்சதுரத் துளைகளில் மரக் கைகளைச் செருகினர். கல் எடையைத் தந்தது. மரம் பிடியைத் தந்தது. இத்தகைய கற்கள் பாரசீக வளைகுடாவின் சிராஃப், குஜராத்தின் துவாரகை, சோமநாத், மகாராஷ்டிரத்தின் விஜயதுர்க் ஆகிய இடங்களிலும் இலங்கையின் மன்னார்ப் பகுதியிலும் கிடைத்துள்ளன.

இரும்பு பரவலான பின் வடிவங்கள் பெருகின. ஒவ்வொரு வடிவமும் ஒரு தேவையிலிருந்து பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் பெல் ராக் பாறையில் கலங்கரை விளக்கம் கட்டிய ராபர்ட் ஸ்டீவன்சன், அங்கு மிதக்கும் விளக்குக் கப்பலை நிறுத்தக் காளான் வடிவ நங்கூரத்தைப் பயன்படுத்தினார். 1933இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜி. ஐ. டெய்லர், கடல் விமானங்களுக்காகக் கலப்பை வடிவ நங்கூரத்தை உருவாக்கினார். 1940ஐ ஒட்டி அமெரிக்காவின் ரிச்சர்ட் டான்ஃபோர்த் உருவாக்கிய, அகன்ற இரு தகடுகள் கொண்ட எடை குறைந்த நங்கூரம், இரண்டாம் உலகப் போரில் மணற்கரையேறும் படகுகளுக்கு உதவியது.

ஆகவே நங்கூரத்தைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் ஆற்றின் அடிநிலத்தை அறிய வேண்டும். முற்கால மாலுமிகள் ஆழம் பார்க்கும் ஈயக் குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி இறக்குவர். அதில் ஒட்டி வருவது மணலா சேறா என்று பார்ப்பர். சிறு படகுக்கு ஒரு நீண்ட கழியே போதும். அடியில் மென்சேறும், மேலே மெதுவான ஓட்டமும் இருந்தால் காளான் நங்கூரம் புதைந்து நிற்கும். மணலுக்கு அகன்ற தகடுகள் ஏற்றவை. கழிமுகத்தில் ஓட்டம் திசை மாறும்போது கலப்பை வடிவம் மீண்டும் எளிதில் ஊன்றிக்கொள்ளும். பாறைக்கு நான்கு கொக்கி நங்கூரமே தகும். அது இடுக்கில் சிக்கினால் பின்புறமாக இழுத்து மீட்க, அதன் அடிப்பகுதியில் மிதவையோடு கூடிய இன்னொரு கயிற்றைக் கட்டிவைக்க வேண்டும்.

கயிற்றின் நீளமும் நங்கூரத்துக்கு இணையாக முக்கியமானது. செங்குத்தாக இழுக்கும் கயிறு நங்கூரத்தைப் பெயர்த்துவிடும். தாழ்வாகச் சாய்ந்து இழுக்கும் கயிறே அதை ஊன்றச் செய்யும். ஆழத்தைப் போல் 5 முதல் 7 மடங்கு நீளம் வேண்டும். 3 மீட்டர் ஆழத்துக்கு 15 முதல் 21 மீட்டர் எனக் கொள்ளலாம். நங்கூரத்தை அடுத்துச் சிறிது சங்கிலி இருந்தால் இழுப்பு தாழ்ந்து நிற்கும், பாறையில் கயிறும் தேயாது.

எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. ஓடும் ஆற்றில் படகின் முன்பகுதியான அணியத்திலிருந்தே நங்கூரமிட வேண்டும். பின்புறத்தில் கட்டினால் ஓட்டம் அப்பகுதியைக் கீழே அழுத்த, நீர் உள்ளே புகுந்து சில நொடிகளில் படகு மூழ்கக்கூடும். அவசரத்தில் கயிற்றை அறுக்கக் கைக்கெட்டும் தொலைவில் ஒரு கத்தியும் இருக்க வேண்டும்.

அறிந்த ஆறும் மாறும். அஸ்வான் உயர் அணை 1970இல் கட்டி முடிக்கப்பட்ட பின், நைலின் வண்டலில் பெரும்பகுதி அணைக்குப் பின்னுள்ள நாசர் ஏரியிலேயே தங்கிவிடுகிறது. ஆண்டுதோறும் வந்த வெள்ளமும் நின்றது. தந்தை நங்கூரமிட்ட இடத்தை மகன் மீண்டும் கழியால் தொட்டுப் பார்த்தே அறிய வேண்டியிருக்கிறது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு வழிகாட்டிய செய்தி திர்மிதீ நூலில் உள்ளது. பாலைவனத்தில் ஒட்டகத்துக்குக் கயிறு எதுவோ, ஆற்றில் படகுக்கு நங்கூரம் அதுவே. அதை ஆராய்ந்து தேர்வதும், புறப்படுமுன் கயிற்றைக் கையால் தடவிச் சோதிப்பதும் தவக்குலுக்கு முரணானவை அல்ல, அதன் பகுதியே. ஆற்றிலும் கடலிலும் உழைத்து ஹலாலான உணவு தேடும் நம் சகோதரர்களை அல்லாஹ் பாதுகாப்பாகக் கரைசேர்ப்பானாக.